ஓய்வெடுக்கவும் பயில வேண்டும்!

ஒரு சிறிய கணக்குடன் தொடங்குவோம். ஒரு நாளுக்கு 24 மணி நேரம். உறக்கத்துக்கு 8 மணி, பள்ளிக்கு 7 மணி, போய்வர 1 மணி, தனிப்பயிற்சிக்கும் வீட்டுப்பாடத்துக்கும் 4 மணி, குளிக்க, உண்ண, வீட்டு வேலை செய்ய 2 மணி என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 22 மணி. மீதி இருப்பது 2 மணி. பரீட்சை நெருங்கினால் அந்த இரண்டு மணியும் மறைந்துவிடும். முதலில் மாலை விளையாட்டு நிற்கும். அடுத்து, வாரத்தில் இருமுறை வரும் உடற்பயிற்சி வகுப்பும் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 81 பேர் தேவையான அளவு உடலை அசைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டுக்குரிய புள்ளிவிவரங்களிலிருந்து கணக்கிட்டனர். ஆண்களில் 78 பேர், பெண்களில் 85 பேர். உடல் வளரும் வயதில், எலும்பின் உறுதியில் பெரும் பகுதி சேரும் வயதில், உடல் அசையாமல் இருப்பது நல்லதா?

"நேரமே இல்லையே, என்ன செய்வது?" என்று கேட்கிறீர்கள். 12 நிமிடம் என்பது ஒரு நாளில் 120-இல் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கில் செய்யக்கூடிய எளிய, இளைப்பாறும் யோகப் பயிற்சி ஒன்றைப் பார்ப்போம். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை உங்கள் நாடியைக் கொண்டே சோதித்தும் பார்க்கலாம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. தொடங்கியதை விடாமல் செய்வது எப்படி? அதற்கும் வருவோம்.

உட்கார்ந்தே களைப்பது ஏன்?

ஒரு புத்தகத்தை எடுத்துக் கையை நேராக நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் தோள் வலிக்கும். இப்போது ஒரு கேள்வி. நீங்கள் செய்த வேலை எவ்வளவு? வேலை என்பது விசையையும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கினால் வருவது. புத்தகம் நகரவே இல்லை. ஆகவே இயற்பியல் கணக்கில் நீங்கள் புத்தகத்தின் மீது செய்த வேலை பூச்சியம்! பிறகு ஏன் களைப்பு?

அதே புத்தகத்தை மேசை ஆண்டுக்கணக்கில் தாங்கும். மேசை களைப்பதில்லை. தசை மேசையைப் போன்றதன்று. ஒரு விசையைத் தாங்கி நிற்பதற்குக்கூடத் தசை இழைகள் இடைவிடாமல் ஒன்றையொன்று பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பற்றுதலுக்கும் ஆற்றல் செலவாகிறது. வெளியே அசைவு இல்லை, உள்ளே செலவு உண்டு.

படிக்கும்போது கழுத்துக்கும் இதுவே நிகழ்கிறது. வளர்ந்தவர் ஒருவரின் தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம், எடை 49 நியூட்டன். கழுத்தின் அடியிலிருந்து 20 சென்டிமீட்டர் மேலே தலையின் ஈர்ப்பு மையம் இருப்பதாகக் கொள்வோம். தலை நிமிர்ந்திருந்தால் எடை நேர்கீழாக இறங்குகிறது, திருப்புத்திறன் பூச்சியம். 30 பாகை குனிந்தால் திருப்புத்திறன் 49 × 0.2 × 0.5, அதாவது 4.9 நியூட்டன் மீட்டர். பின்கழுத்துத் தசை சுழல்மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் இழுப்பதாக வைத்துக்கொண்டால், அது தர வேண்டிய விசை 98 நியூட்டன். தலையின் எடையைப்போல் இரு மடங்கு! இது எளிமையாக்கிய கணக்குதான். ஆனாலும் மூன்று மணி நேரம் புத்தகத்தின் மீதோ கைப்பேசியின் மீதோ குனிந்திருப்பவருக்குக் கழுத்து வலிப்பதன் காரணம் இதில் தெளிவாகிறது. நீங்கள் 'சும்மா' உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இன்னொரு செய்தி. படித்து முடித்து எழுந்த பின்னும் அந்தத் தசைகள் முழுவதும் தளர்வதில்லை. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளில் தோன்றும் மிக நுண்ணிய மின் அழுத்தங்களை, அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பங்கு அளவுள்ளவற்றை, அளந்து பார்த்தார். ஓய்வாகப் படுத்திருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பவர்களின் தசைகளில்கூட இறுக்கம் மிச்சமிருந்தது. தசையை முதலில் இறுக்கி, பிறகு விட்டுவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணரப் பழக வேண்டும் என்று அவர் 1929-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆம், ஓய்வெடுப்பதும் பயின்று பெற வேண்டிய ஒரு திறமைதான். சுமார் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஹட யோக பிரதீபிகை' என்ற வடமொழி நூல், அசையாது படுத்திருக்கும் சவாசனத்தையும் ஓர் ஆசனமாகவே எண்ணியிருப்பதன் பொருள் இப்போது விளங்குகிறது அல்லவா?

நாடி சொல்லும் பாடம்

இனி ஒரு சோதனை. கடிகாரம் ஒன்றும் உங்கள் மணிக்கட்டும் போதும். சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் மெல்ல அழுத்தி நாடியைக் கண்டுபிடியுங்கள். முதலில் மூன்று நிமிடம் படுத்திருந்துவிட்டு ஒரு நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். பிறகு உட்கார்ந்து எண்ணுங்கள். பிறகு நின்று எண்ணுங்கள். மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு நிற்கும்போது எண்ணிக்கை கூடுதலாக இருக்கும், படுத்திருக்கும்போது குறைவாக இருக்கும்.

காரணம், நீங்கள் பாடத்தில் படித்த திரவ அழுத்தமே. நிற்கும்போது இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் உயரமுள்ள இரத்தத் தூண் இருக்கிறது. இரத்தத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.06 மடங்கு, பாதரசத்தின் அடர்த்தி 13.6 மடங்கு. ஆகவே இந்தத் தூணின் அழுத்தம் 110 × 1.06 ÷ 13.6, அதாவது சுமார் 8.6 சென்டிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். மில்லிமீட்டரில் 86. மருத்துவர் இரத்த அழுத்தம் 120 என்று சொல்கிறாரே, அதனுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு பெரிய அளவு! இதனால் கால் சிரைகளில் இரத்தம் சற்றுத் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. குறைந்த அளவை ஈடுகட்ட இதயம் விரைவாகத் துடிக்கிறது. படுத்தால் தூணின் உயரம் ஏறத்தாழ மறைந்துவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தம் செல்லும், எனவே குறைந்த துடிப்புகளே போதும். கால்களைச் சுவரில் உயர்த்தி வைத்தால் காலில் தேங்கிய இரத்தம் தானாகவே இறங்கி வரும். நெடுநேரம் உட்கார்ந்திருந்த கால்களுக்கு அது இதமாக இருப்பது இதனால்தான்.

மூச்சு என்னும் பிரேக்

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். படுத்தபடியே நாடியில் விரலை வைத்துக்கொண்டு, மனத்துக்குள் 4 எண்ணும் வரை மூச்சை இழுங்கள், 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். கவனமாக உணர்ந்தால், மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வருவதும், விடும்போது விலகி வருவதும் தெரியும். உங்கள் வயதினருக்கு இது நன்றாகவே தெரியும். இது நோயன்று, இயல்பே. கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் சுழலும் உருளையில் கோடு வரையும் கருவியைக் கொண்டு இதை 1847-இல் பதிவு செய்தார்.

மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கிவரும் வேகஸ் என்னும் நரம்பு, சைக்கிளின் பிரேக்கைப் போல இதயத்தைச் சற்று அடக்கியே வைத்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. எனவே மூச்சை நிதானமாக, வெளிவிடும் நேரம் சற்று நீளும்படி விட்டால், பிரேக் பிடிக்கும் நேரமும் நீள்கிறது. இதயத்துக்கு நாம் நேரடியாக ஆணையிட முடியாது. மூச்சின் வழியாக வேண்டுகோள் விடுக்கலாம்!

நின்றுபோன நாடி, நிற்காத இதயம்

"யோகிகள் இதயத்தையே நிறுத்துவார்களாமே?" என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும். நல்ல கேள்வி. 1935-இல் தெரேஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர், எடுத்துச் செல்லக்கூடிய மின் இதயவரைவுக் கருவியுடன் இந்தியா வந்து யோகிகளைச் சோதித்தார். ஒருவருடைய இதயத்தின் மின்குறி ஏறக்குறைய மறைந்துபோனதாக எழுதினார். உலகமே வியந்தது. ஆனால் அறிவியல் வியப்போடு நிற்பதில்லை, மீண்டும் அளந்து பார்க்கும். வெங்கர், பாக்சி, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பி.கே. ஆனந்த் ஆகிய மூவரும் மேம்பட்ட கருவிகளுடன் சோதித்து, முடிவுகளை 1961-இல் வெளியிட்டனர். யோகி மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கியபோது மணிக்கட்டில் நாடி மங்கியது, இதய ஒலியும் கேட்கவில்லை. ஆனால் மின்வரைவில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது! மார்புக்குள் அழுத்தம் கூடியதால் இரத்தம் இதயத்துக்குத் திரும்புவது குறைந்தது. நாடி மங்கியதன் காரணம் அவ்வளவே. (இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், மயக்கம் வரக்கூடும்.)

இதனால் யோகம் பொய்யாகிவிடவில்லை. அற்புதம் என்று சொல்லப்பட்டது விலகியது, உண்மை நின்றது. புனே அருகிலுள்ள லோனாவ்லாவில் 1924-இல் கைவல்யதாம நிறுவனத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தரும் இந்த நோக்கத்துடனேயே எக்ஸ்ரே கருவியையும் இரத்த அழுத்தமானியையும் யோகப் பயிற்சிக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். நமக்கும் அந்த மனப்பான்மைதான் வேண்டும். நம்பவும் வேண்டாம், நகைக்கவும் வேண்டாம். செய்து, அளந்து பார்ப்போம்.

பன்னிரண்டு நிமிடத் திட்டம்

உணவு உண்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். தரையில் பாயோ ஜமுக்காளமோ விரித்துக்கொள்ளுங்கள்.

1. கழுத்து (1 நிமிடம்): நிமிர்ந்து உட்கார்ந்து தலையை வலம், இடம், கீழ் என மெல்லச் சாய்த்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். தலையை வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

2. பூனை நிலை (2 நிமிடம்): கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை விடும்போது முதுகை மேலே வளையுங்கள், இழுக்கும்போது கீழே இறக்குங்கள்.

3. குழந்தை நிலை (2 நிமிடம்): மண்டியிட்டுக் குதிகால் மீது அமர்ந்து, முன்னே குனிந்து நெற்றியைத் தரையிலோ மடித்த துண்டின் மீதோ வையுங்கள். முன்பு பின்கழுத்துத் தசை தாங்கிய தலையின் எடையை இப்போது தரை தாங்குகிறது.

4. கால் உயர்த்தல் (3 நிமிடம்): சுவரருகே மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரின் மீது சாய்த்து வையுங்கள்.

5. சவாசனம் (4 நிமிடம்): கால்களை இறக்கி நீட்டிப் படுங்கள். பாதம், கால், கை, தோள், முகம் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் ஐந்து விநாடி இறுக்கி, விட்டுவிடுங்கள். பிறகு 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடும் மூச்சு. எழும்போது பக்கவாட்டில் திரும்பி மெதுவாக எழுங்கள்.

எதிலும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுவதை நீங்கள் அறிவீர்கள். தசை திடீரென்று நீண்டால், உள்ளிருக்கும் நுண்ணுணர்வு உறுப்புகள் அதை உடனே சுருங்கச் செய்யும். மெல்ல நீட்டினால் இந்த எதிர்ப்பு குறைவு. வலி வந்தால் நிறுத்துங்கள். இதயம், கண் அழுத்தம், முதுகெலும்பு ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். தலைகீழ் ஆசனங்களை ஆசிரியர் இல்லாமல் முயலவே வேண்டாம்.

தொடங்குவதுதான் கடினம்

திட்டம் கிடைத்துவிட்டது. முதல் மூன்று நாள் உற்சாகமாகச் செய்வோம். நான்காம் நாள் வீட்டுப்பாடம் அதிகம், ஐந்தாம் நாள் மழை, ஆறாம் நாள் மறதி. ஏழாம் நாள் பாய் மூலையில் சுருண்டு கிடக்கும்! இதை வெல்வது எப்படி?

ஆய்வுக்கூடத்தில் ஒரு மரக்கட்டையில் சுருள்வில் தராசைக் கட்டி மெல்ல இழுத்துப் பாருங்கள். தராசின் அளவு ஏறிக்கொண்டே போகும், கட்டை அசையாது. ஓர் எல்லையில் கட்டை சட்டென்று நகரும். உடனே தராசின் அளவு இறங்கிவிடும்! அசையாத பொருளை அசைக்கத் தேவையான விசை, அசைந்துகொண்டிருப்பதை அசையவைக்கத் தேவையான விசையைவிட அதிகம். முன்னது நிலை உராய்வு, பின்னது இயக்க உராய்வு. மனம் மரக்கட்டை அன்று, இது உவமைதான். ஆனாலும் உங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடற்பயிற்சியில் கடினமானது எது? ஆறாவது நிமிடமா? இல்லை. நாற்காலியை விட்டு எழும் முதல் விநாடிதான்.

ஆகவே, மன உறுதியைப் பெருக்குவதை விட உராய்வைக் குறைப்பதே எளிது. அதற்குச் சில வழிகள்:

பாயை முந்தின இரவே மேசைக்குப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். தேடும் வேலை மிச்சம்.

நேரத்தோடு கட்டுவதைவிட, தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள். "மாலை 6 மணிக்கு" என்பதைவிட, "பள்ளியிலிருந்து வந்து கைகால் கழுவியதும்" என்பது மேலானது. மணி தவறலாம், கைகால் கழுவுவது தவறாது. பசியோடு வருபவர்கள் இரவு உணவுக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம்.

மிகச் சிறிய அளவை முன்பே முடிவு செய்யுங்கள். நேரமே இல்லாத நாளில் குழந்தை நிலை மட்டும், ஒரே ஒரு நிமிடம். அதுவும் கணக்கில் சேரும். பல நாட்களில் அந்த ஒரு நிமிடம் தானாகவே பன்னிரண்டாக நீளும். கட்டை நகர்ந்துவிட்டது அல்லவா!

தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம், பயிற்சிக்கு முன் நாடி எவ்வளவு, பின் எவ்வளவு என்று எழுதிச் சேர்த்து வையுங்கள். தம்பியையோ தங்கையையோ கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மறந்தாலும் அவர்கள் மறக்கமாட்டார்கள். வீட்டு வேலைகளைப் பெண்பிள்ளைகளின் தலையில் மட்டும் சுமத்தும் வீடாக இருந்தால், அந்தப் பன்னிரண்டு நிமிடம் அண்ணன் தம்பிகள் அந்த வேலையைப் பார்க்கட்டும். இதுவும் உராய்வைக் குறைக்கும் வழியே!

"எத்தனை நாளில் இது பழக்கமாகும்?" இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் உணவு, உடற்பயிற்சி போன்றவற்றில் ஒரு புதிய செயலைத் தேர்ந்தெடுத்து, அன்றாடம் நிகழும் ஒன்றோடு இணைத்துச் செய்தனர். அது எண்ணாமலே நடக்கும் பழக்கமாக மாற எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே உங்கள் தோழனுக்கு ஒரு மாதத்தில் கைவந்தது உங்களுக்கு வரவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. அதே ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் கெட்டுப்போகவில்லை. "நேற்று விட்டுப்போயிற்று, இனி என்ன பயன்?" என்று நினைப்பதுதான் கெடுதல். இன்று தொடருங்கள்.

யோகம் மட்டும் போதுமா?

போதாது. நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமாகவும் வேகமாகவும் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மூச்சு வாங்க ஓடுவது, கபடி, கயிறு தாண்டுதல், சைக்கிள் மிதித்தல், விரைந்து நடத்தல் எல்லாம் இதில் சேரும். இளைப்பாறும் யோகம் இதயத்தை அந்த அளவு வேலை வாங்குவதில்லை. அதன் பணி வேறு. அது இறுகியதைத் தளர்த்துகிறது, களைத்த உடலைக் கவனிக்கச் சொல்கிறது, 'நானும் தினமும் ஒன்றைச் செய்கிறேன்' என்ற துணிவைத் தருகிறது. அந்தத் துணிவு வந்த பிறகு, பள்ளிக்கு நடந்து போவதும் மாலையில் அரைமணி ஓடியாடுவதும் எட்டாத செயல்களாகத் தோன்றமாட்டா. உடற்பயிற்சி வகுப்பில் கணக்கு நடத்த வரும் ஆசிரியரிடம், "ஐயா, பாதி நேரம் மட்டும் விளையாடிவிட்டு வருகிறோம்" என்று பணிவாகக் கேட்டும் பாருங்கள். கேட்பதில் தவறில்லை!

சரி, இந்த இதழை மூடி வைத்ததும் உங்கள் முதல் வேலை என்ன? ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிமிடம் பயிற்சி செய்யுங்கள். மீண்டும் எண்ணுங்கள். 66 நாளுக்கு இவ்வாறு எழுதிவந்து, நாட்களைக் கிடை அச்சிலும் துடிப்பை நிலை அச்சிலும் கொண்டு ஒரு வரைபடம் வரையுங்கள். வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து செய்தால், அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு நல்ல படைப்பு தயார். அதில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் உங்கள் சொந்த இதயம் இட்டது என்பதைப் பார்வையாளர்களிடம் சொல்ல மறவாதீர்கள்.